பேச்சுத் தொணை

எங்க அய்யாவுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை. 2022 ஆடி மாசத்தில் ஒருநாள் ஊருக்குப் போனபோது டீத்தூள் தேடி அடுப்படியில் அம்மா புழங்கிய தகர டப்பாவைத் திறந்தேன். டப்பா நிறைய மாத்திரை அட்டை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். இரண்டரை மாசத்துக்கு உள்ளது.

"ஏன்யா போடல?"

"மறந்து போச்சுடா."

"ரெண்டரை மாசமாவா மறந்து போச்சு?"

பதில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கம்மா இருந்தா எடுத்துக் குடுப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முந்தின நாள்தான் மதுரையில் ஒரு கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தேன். நம்ம மக்கள் எப்படித் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. கைதட்டினார்கள். என்னைப் பெத்தவர் ஒரு மனுசரோடும் பேசாமல் எத்தனை நாள் அந்தத் திண்ணையில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையை அந்த வெட்கத்திலிருந்துதான் எழுதத் தொடங்குகிறேன்.

*

எங்கள் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே இருக்கிறது. அருப்புக்கோட்டையில் இருந்து பஸ். கரிசலும் செவலும் கலந்த மானாவாரிக் காடு. மழை பெய்தால் கம்மாய், பெய்யாவிட்டால் கருவேலங்காடு. சீமைக்கருவேல் வந்த பிறகு எங்கள் சனத்துக்குக் கரிமூட்டம்தான் பிழைப்பு. அய்யா மூட்டம் போடுகிறவர். விறகை வட்டமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். உள்ளே விறகு வேக வேண்டும், ஆனால் எரியக் கூடாது. எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் பொசுக்கென்று தீப்பிடித்து எல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் மூட்டம் அடங்கும் வரைக்கும் ராத்திரியெல்லாம் ஆள் முழித்திருக்க வேண்டும். ஒத்தையாளாக முழிக்க முடியாது. இரண்டு பேர், மூன்று பேர் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே காவல் இருப்பார்கள். அய்யா அந்தக் காலத்தில் கதைகாரர். சின்ன வயசில் நான் மூட்டத்துக்குச் சோறு கொண்டுபோய், திரும்பி வராமல் கதை கேட்டுக்கொண்டு அங்கேயே தூங்கியிருக்கிறேன்.

அதுக்கு எங்க பக்கம் 'பேச்சுத் தொணை' என்று பேர். காட்டுக்குப் போக, ராத்திரி வெளிக்குப் போக, மூட்டம் காக்க, பிள்ளை பெத்தவளோடு இருக்க, எல்லாத்துக்கும் பேச்சுத் தொணை வேண்டும். மேலுக்கு முடியாமல் ஒருவர் படுத்துவிட்டால் அவரை உள்வீட்டில் விட மாட்டார்கள். கட்டிலைத் தூக்கி வாசலில் வேப்ப மரத்தடியில் போடுவார்கள். போறவுக வாறவுக எல்லாம் ஒரு நிமிசம் நிற்க வேண்டும். "என்னா பெரியம்மா, கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "பத்துப் பேரு பாத்தாப் பாதி நோவு போகும்" என்பாள் என் அப்பத்தா. சாவு விழுந்தால் துட்டிக்கு ஊர் ஊராகச் சனம் வரும். கட்டிப் பிடித்து அழுவார்கள். அழுது முடித்தவுடன் அங்கேயே உட்கார்ந்து செத்தவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். எம்.ஏ. படிக்கப் போனபோது இதையெல்லாம் நாட்டார் வழக்காறு என்று தாளில் எழுதி மார்க் வாங்கினேன். அது எங்கள் சனத்துக்கு வைத்தியமாக இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆசுபத்திரி தூரம். கையில் காசு இல்லை. போனாலும் மரியாதை இல்லை. ஆளுக்கு ஆள்தான் மருந்து என்று நாங்கள் இருந்ததற்குக் காரணம் அதுதான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு வழி இல்லாத இடத்தில் எங்கள் பெண்கள் உண்டாக்கிக்கொண்ட வழி அது.

*

அந்த மருந்தை எப்படிப் பறிக்கலாம் என்பதும் ஊருக்குத் தெரியும்.

1997இல் எனக்குப் பத்து வயசு. தென்மாவட்டங்கள் முழுவதும் சாதிக் கலவரம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனித் தம்ளர். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எங்கள் தெரு இளவட்டங்கள் ஒருநாள் "எல்லாருக்கும் குடுக்கிற கிளாஸ்ல குடு" என்று கேட்டார்கள். அடிதடி எதுவும் இல்லை. கேட்டதோடு சரி. மறுநாள் ஊரார் கூடி முடிவு எடுத்தார்கள். காலனி ஆளுக்கு வேலை கிடையாது. கடையில் சாமான் கிடையாது. அவுக தோட்டத்துப் பாதையில் நடக்கக் கூடாது. எங்களோடு யாராவது பேசினால் அபராதம்.

நாலு மாசம். வேலை இல்லாததை எப்படியோ சமாளித்தோம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, கேப்பை என்று எடுத்து, இல்லாத வீட்டுக்குக் கொடுத்தோம். அருப்புக்கோட்டைக்கு நடந்து போய்ச் சாமான் வாங்கி வந்தோம். பசியால் யாரும் சாகவில்லை.

அப்பத்தாவை மட்டும் அது வேறு மாதிரி அடித்தது. ஊரில் ஒரு வீட்டில் முப்பது வருசம் தொழுவம் கூட்டியவள் அவள். அந்த வீட்டு அம்மாவுக்கு மூன்று பிள்ளைக்கும் பேறு பார்த்தவள். பிள்ளை தலை வெளியே வரும்போது அந்தக் கை வேண்டும். தொப்புள்கொடி அறுக்க அந்தக் கை வேண்டும். முடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, பின்வாசலில் வைத்துச் சோறு போடுவார்கள். அது வழக்கம். அப்பத்தா அதைக் குறையாகவும் சொன்னதில்லை. "நான் தூக்கின பிள்ளைக" என்றுதான் சொல்லுவாள்.

விலக்கம் வைத்து ஒரு மாசம் இருக்கும். கம்மாய்க் கரையில் அந்த அம்மா எதிரே வந்திருக்கிறது. அப்பத்தா சிரித்திருக்கிறாள். அந்த அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்து அப்பத்தா, "பாக்காமப் போயிருச்சுடா" என்றாள். அதையே நாலஞ்சு நாள் சொல்லிக்கொண்டு இருந்தாள். பிறகு சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. எங்கள் தெருவே அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தது. ஆனால் அவள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வருசக் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு வயசு ஆகியிருந்தது, உண்மைதான். அதனால் மட்டும்தான் செத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

இதை எங்கள் கூட்டங்களில் சொன்னால் தோழர்கள் சங்கடப்படுவார்கள். "அது உறவா தோழர்? அடிமைத்தனம் இல்லையா?" என்று கேட்பார்கள். அடிமைத்தனம்தான். முப்பது வருசம் சேர்த்து வைத்த அன்பு அத்தனையும் ஒரு தலைத்திருப்பலில் இல்லை என்று ஆகிவிடுமானால், அது உறவே இல்லை. ஆனால் அப்பத்தாவின் உடம்பு அதை உறவு என்று நம்பியிருந்தது. சாதி தள்ளி வைத்து மட்டும் கொல்வதில்லை. கிட்டே வைத்து, பின்வாசலில் நிறுத்தி, அதை உறவு என்று நம்ப வைத்தும் கொல்லும்.

இப்படிச் சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்யப்போவதாக மிரட்டுவதும் வன்கொடுமை என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வெளிப்படையாகச் சேர்த்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்பத்தா செத்து பதினெட்டு வருசம் கழித்து வந்த சட்டம். வந்ததே பெரிது. ஊர்ச் சாவடியில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள்.

*

தொடாமை எப்படி நேரடியாகவே ஆளைக் கொல்லும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1930களில் அவர் எழுதி, அவர் காலத்துக்குப் பின் 1990இல் அச்சுக்கு வந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூலில் இருக்கிறது. கத்தியவாரில் தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டாம் நாளே உடம்பு மோசமாகிறது. மூச்சு வாங்குகிறது, விலாவில் வலி. மருத்துவர் சேரிக்கு வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் காலைப் பிடித்து, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்ற பிறகு வருகிறார். அதுவும் நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு வெளியே தூக்கி வருகிறார்கள். மருத்துவர் காய்ச்சல்மானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியாக அது திரும்பிப் போகிறது. மருத்துவர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நாடி பிடிக்கவில்லை. நெஞ்சில் கை வைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது வரவும் இல்லை. அந்தப் பெண் செத்துப் போகிறாள். அந்த ஆசிரியர் எழுதிய கடிதம் 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'விலேயே வெளியானது.

இது பழைய கதை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்து, 2006இல் புத்தகமாக வந்தது. மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறு வயசில் எனக்குக் காய்ச்சல். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக். அங்கே மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் அம்மா கையில் கொடுக்கவில்லை. அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள். மேலிருந்து போட்டார். மாத்திரை என்னவோ நல்ல மாத்திரைதான். காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா அதற்குப் பிறகு தன் காய்ச்சலுக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. கசாயம் போதும் என்றாள். பிள்ளைக்காக முந்தானையை விரிப்பாள், தனக்காக விரிக்க மாட்டாள். நம் பெண்கள் நோய் முற்றிய பிறகே ஆசுபத்திரிக்கு வருகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்ளும் அதிகாரிகளுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

*

2020இல் கொரோனா வந்தது. 'சமூக இடைவெளி' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதத்தானப்பா அவுக எப்பவும் கடைப்பிடிக்கிறாக" என்றார். சிரித்தோம். உலக சுகாதார நிறுவனமே அந்த வருசம் மார்ச்சில் 'சமூக' என்ற சொல்லை விட்டு 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கியது. உடம்பு தள்ளி இருக்க வேண்டுமே தவிர, மனுசர் மனுசரோடு தொடர்பு அறுந்து போகக்கூடாது என்பது அதன் விளக்கம். எங்கள் சுவருக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை.

2021 மே மாசம், இரண்டாவது அலை. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஓர் அரசு ஆசுபத்திரியில் சேர்த்தோம். உள்ளே விடவில்லை. நோய் அப்படி, குற்றம் சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் பாலித்தீனில் சுற்றிக் கொடுத்தார்கள். ஊரடங்கு. துட்டிக்கு ஒரு சனம் வரவில்லை. வர முடியாது. ஒப்பாரி இல்லை, பறை இல்லை. அம்மாவைக் கட்டிப் பிடித்து அழ ஆள் இல்லை. அய்யா மயானத்தில் கல்லாக நின்றார். அவரைத் தொட்டு அழக்கூட அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. நான்தான் தள்ளி நின்றேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று இன்று வரை கேட்டதில்லை.

ஊரடங்கு முடிந்தது. இளவட்டங்கள் திருப்பூருக்குத் திரும்பினார்கள். பெண்பிள்ளைகள் நூல் மில் விடுதிகளுக்குப் போனார்கள். நான் இயக்க வேலைக்குப் போனேன். எங்கள் தெருவில் பகலில் பார்த்தால் கிழடுகளும் கைப்பிள்ளைகளும்தான். ஒவ்வொரு திண்ணையிலும் ஓர் ஆள், ஆளுக்கொரு டி.வி. அழாத சாவு அய்யா நெஞ்சில் அப்படியே இருந்தது. கதைகாரர் பேச்சை நிறுத்திவிட்டார். வாய்க்கு ருசியாக ஆக்கவும் ஆள் இல்லை, மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை, "ஏன் காலு வீங்கியிருக்கு?" என்று கேட்கவும் ஆள் இல்லை. தனிமை எப்படி நோயாகிறது என்று கேட்டால், இப்படித்தான் ஆகிறது. அந்தத் தகர டப்பாவுக்குள் நான் பார்த்தது அதைத்தான்.

இப்போது உலகமே இதைப் பேசுகிறது. 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் அமெரிக்காவில் வந்தது. நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. 2025 ஜூனில் அதன் அறிக்கை வந்தது. உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, வருசத்துக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் சாவுகளுக்கும் தனிமைக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறது அது. அப்பத்தா சொன்னதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நல்லது.

ஆனால் என்ன நிபந்தனையில் உறவு என்ற கேள்வி எங்களுக்கு உண்டு. எங்கள் திருச்சுழியில்தான் 1879இல் ரமணர் பிறந்தார். பதினாறு வயசில் வீட்டை விட்டுப் போய்த் திருவண்ணாமலையில் மௌனமாக உட்கார்ந்தார். அவர் தனிமையை உலகம் கும்பிடுகிறது. அவர் தேடிப்போன தனிமை அது. அவரைத் தேடியும் ஆட்கள் வந்தார்கள், பக்கத்தில் இருந்து சோறு கொடுத்தார்கள், கடைசியில் பெத்த தாயே வந்து கூட இருந்தாள். அதே திருச்சுழி மண்ணில் தள்ளி வைக்கப்பட்டவனின் தனிமைக்கு யார் விளக்குப் போட்டார்கள்?

*

டப்பாவைப் பார்த்த மறுநாள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை பார்க்கும் பெண்ணைத் தேடிப் போய் அய்யா பேரைச் சேர்த்தேன். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டம். வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். வந்த பெண் ஊர்த்தெருப் பெண். வயசு இருபத்தஞ்சு இருக்கும். வாசலில் நிற்காமல் நேரே வந்து அய்யா கட்டிலிலேயே உட்கார்ந்தது. அய்யா பதறி எழுந்து நின்றார். "உக்காருங்க தாத்தா" என்று கையைப் பிடித்தது. அய்யா கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் தாயி, மேலெல்லாம் வேர்வை" என்றார்.

எழுபது வயசு. அந்தத் தெரு ஆள்கள் அவரைப் பேர் சொல்லி, வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். தாத்தா என்று யாரும் கூப்பிட்டதில்லை. தன்னைத் தொட வந்த கையிலிருந்து விலகி, அந்தக் கையைக் காப்பாற்ற அவர் உடம்பு பழகியிருந்தது.

அளந்ததில் மேல் அளவு 180. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு, "தாத்தா மூட்டம் போடுவீகளாமே? எத்தன நாளு வேகும்?" என்று கேட்டது. அய்யா முதலில் ஒரு சொல்லில் பதில் சொன்னார். பிறகு இரண்டு சொல். பிறகு ஒரு மழை ராத்திரி மூட்டம் தீப்பிடித்த கதையைச் சொன்னார். பத்து நிமிசம் கழித்து மறுபடியும் அளந்தது. 162. "இப்பத்தான் சரியான கணக்கு" என்று எழுதிக்கொண்டது. பயந்தாலும் பதறினாலும் அளவு ஏறும் என்பது மருத்துவத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். யாரைப் பார்த்து எதற்குப் பதறுகிறது என்பதை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

அந்தப் பெண் மாசத்துக்கு ஒருநாள்தான் வர முடியும். மீதி இருபத்தொன்பது நாளுக்கு வழி சொன்னது எங்கள் அத்தை. அறுபத்தஞ்சு வயசு விதவை. பிள்ளைகள் இரண்டும் திருப்பூரில். "அண்ணே, எனக்கும் மாத்திரை மறந்து போகுது. ராத்திரி எட்டு மணிக்குச் சமுதாயக் கூடத்துக்கு வா. ரெண்டு பேரும் சேந்து போடுவோம்" என்று அய்யாவைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஐந்தானார்கள். அப்புறம் பதினொன்று. அவரவர் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டு வருவார்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளை ஒன்று அட்டையைப் பார்த்து எது யாருக்கு என்று எடுத்துக் கொடுக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்பதரை வரைக்கும் ஊர்க்கதை. தெருவில் அதற்கு 'மாத்திரைச் சங்கம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் யாராவது வராவிட்டால் அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவார்கள். அப்படித் தட்டித்தான் ஒரு பாட்டி சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்து ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு வருகைப் பதிவேடு, மாசம் ஒருநாள் கருத்தரங்கு என்று திட்டம் போட்டுக்கொண்டு போனேன். அத்தை, "நோட்டெல்லாம் வேணாம்யா. நீ நோட்டுப் போட்டாக் கூட்டமாப் போயிரும். இது பேசுறதுக்கு" என்றாள்.

*

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். முடிக்க முடியவில்லை.

எங்கள் காலனியைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் அருந்ததியர் வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. அங்கே ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறது. அதுக்கும் ரத்தக் கொதிப்பு. அந்தச் சுகாதாரப் பெண்தான் கேட்டது, "அந்தப் பாட்டியையும் எட்டு மணிக்கு வரச்சொல்லவா?" என்று. கூடத்தில் யாரும் பேசவில்லை. அய்யாவும் பேசவில்லை. 1997இல் ஒரு தம்ளருக்காக நாலு மாசம் விலக்கம் தாங்கிய தெரு அது. "ஓடை இருட்டா இருக்கும், அது எப்படி வரும்?" என்று ஒருவர் சொன்னார். அந்த ஓடையில் நாங்கள் எல்லாரும் இருட்டில் நடந்து வளர்ந்தவர்கள்.

அப்போது எனக்குக் கோபம் வந்து கத்தினேன். பிரயோசனம் இல்லை. மூன்று மாசம் கழித்து அத்தைதான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்க் கூட்டி வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. "அவளும் எங்கூடக் கள எடுத்தவதான்" என்றாள். பெரியம்மா முதலில் வாசல்படியில் உட்கார்ந்தது. இப்போது உள்ளே உட்காருகிறது. பேச்சிலும் சிரிப்பிலும் எல்லாரையும் தோற்கடித்துவிடும். அய்யாவும் அதுவும் கதைக்குக் கதை போட்டி போடுகிறார்கள்.

ஆனால் தண்ணி குடிக்க அது தன் வீட்டிலிருந்து தம்ளர் கொண்டு வருகிறது. "எனக்கு இதுதான் தோது" என்கிறது. கூடத்தில் வேறு தம்ளர் இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. போன மாசம் மழை ராத்திரியில் அத்தை சுக்குக் காப்பி போட்டாள். தன் தம்ளரிலேயே ஊற்றிப் பெரியம்மாவிடம் நீட்டினாள். அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. வாங்கித் தன் தம்ளரில் ஊற்றிக்கொண்டு, அத்தை தம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தது. கூடத்தில் பேச்சு கொஞ்ச நேரம் நின்றுபோனது. அய்யா தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம் தாயி, மேலெல்லாம் வேர்வை" என்று சொன்ன ஆளுக்கு அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்காது.

தோழர்களே, மயானப் பாதைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் போராடுகிறோம். போராடத்தான் வேண்டும். அதோடு சேர்த்து, உங்கள் காலனியில் ராத்திரி எட்டு மணிக்கு எந்தத் திண்ணையில் யார் தனியாக இருக்கிறார் என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். ஓடையைத் தாண்டியும் நடந்து பாருங்கள். மாத்திரையை அரசு கொண்டு வந்து கொடுத்துவிடும். அதை எடுத்துக் கையில் கொடுக்கிற ஆளை நாம்தான் உண்டாக்க வேண்டும். கையில் கொடுக்க வேண்டும், முந்தானையில் போடக் கூடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி எட்டாகப் போகிறது. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். வாசலில் நின்று, "நீ வரலையாடா?" என்கிறார். இந்த வரியோடு பேனாவை மூடுகிறேன்.